கடையில் ஓடும் பாட்டை யார் கேட்கிறார்கள்?

போன மாதம் அம்மாவோடு ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. சேலையை விரித்துக் காட்டிய பெண் விலையை மூன்று தடவை சொன்னார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. கடைசியில் கால்குலேட்டரில் அடித்துக் காட்டினார். எங்கள் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். "கொஞ்சம் குறைக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "மேனேஜர் வைக்கிறதுதான் சார், நாங்க தொட முடியாது" என்றார்.

பாட்டு போட்டால் வியாபாரம் கூடும் என்பது நம் கடைக்காரர்களின் நம்பிக்கை. இதற்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது 38 சதவீதம் என்ற கணக்கு. அது 1982-இல் ரொனால்ட் மில்லிமன் ஓர் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் செய்த ஆய்விலிருந்து வருவது. ஆனால் அவர் மாற்றிப் பார்த்தது பாட்டின் வேகத்தை. வேகமான இசை ஓடிய நாட்களைவிட மெதுவான இசை ஓடிய நாட்களில் விற்பனை கூடியது. சத்தம் கூட வைக்கலாமா, குறைத்து வைக்கலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சத்தத்தையே சோதித்த ஆய்வு அதற்கும் முந்தியது. 1966-இல் ஸ்மித், கர்னோ இருவரும் சூப்பர்மார்க்கெட்டில் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். சத்தம் கூடினபோது மக்கள் சீக்கிரம் வெளியேறினார்கள். மொத்த விற்பனையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 'அப்போ சத்தமா வச்சா நஷ்டம் இல்லைதானே' என்று இதைப் படிக்கிறவர் நினைக்கலாம். அங்கேதான் நான் முரண்படுகிறேன்.

சூப்பர்மார்க்கெட்டில் பொருளை நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறோம், யாரோடும் பேசத் தேவையில்லை. ஜவுளிக்கடையில் வியாபாரமே பேச்சில்தான் நடக்கிறது. 'சாயம் போகுமா', 'இதுலயே வேற கலர் இருக்கா', 'பிளவுஸ் சேர்ந்து வருதா' என்று எத்தனை கேள்வி! பேச்சை மூடுகிற பாட்டு வியாபாரத்தையும் சேர்த்து மூடுகிறது. அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

சத்தம் எப்படிக் கூடிவிடுகிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். பின்னால் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911-இல் லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்துச் சொன்னது இது. கூட்டம் சேர்ந்ததும் பாட்டு கேட்கவில்லை என்று மேனேஜர் கூட்டுவார். மக்கள் இன்னும் கத்துவார்கள். அவர் மறுபடி கூட்டுவார். கூட்டம் கலைந்த பிறகு யாரும் குறைப்பதில்லை.

இன்னொரு தவறு, வாசலில் ஒரே பெரிய ஸ்பீக்கரை வைத்து உள்ளே கோடி வரைக்கும் கேட்க வைப்பது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். கடைக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. இருந்தாலும் கோடியில் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் வாசலில் நிற்பவர் காது வலிக்கத்தான் செய்யும். சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றைக் கூரையில் பரவலாக மாட்டி, எல்லாவற்றையும் குறைத்து வைப்பதே நல்லது.

சரியான அளவு எது? ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். பாட்டு அதைவிடப் பத்தாவது கீழே இருக்க வேண்டும். வயசானவர்களுக்கு இன்னும் கீழே. கருவி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கூட்டமுள்ள நேரத்தில், ஸ்பீக்கருக்கு அடியில் நின்று, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் ஒரு விலையைச் சொல்லிப் பாருங்கள். ஒரே தடவையில் கேட்டால் சரி.

இரண்டு ஆய்வுகளுக்கும் வாடிக்கையாளர்தான் பொருள். அவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். அந்தப் பெண் நாள் முழுக்க அங்கேயே இருக்கிறார், நாள் முழுக்கக் கத்துகிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021-இல்தான். அதுவரை அவர்கள் கால் வலி யார் கணக்கிலும் வரவில்லை. தொண்டையும் காதும் இன்னும் வரவில்லை. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்; வால்யூம் திருகை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாலே போதும்.