அழுதால் என்ன குறைச்சல்?

'ரொம்ப சென்டிமென்ட்டா இருக்கு' என்று யாராவது சொன்னால், அது பாராட்டா, திட்டா? நம் ஊரில் பெரும்பாலும் திட்டுதான். தியேட்டர் இருட்டில் கர்ச்சீப்பை நனைத்துவிட்டு, வெளியே வந்ததும் 'ஓவர் சென்டிமென்ட்ப்பா' என்று உதட்டைப் பிதுக்குகிற ரகம் நாம். நானும்தான்.

ஆலன் கம்மிங் என்கிற ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்த வெட்கம் இல்லை. 2016-ல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே, 'ஆலன் கம்மிங் சிங்ஸ் சாப்பி சாங்ஸ்'. 'சாப்பி' என்றால் அசட்டு உருக்கம். விமர்சகர்கள் எழுதப்போகிற குற்றச்சாட்டை முந்திக்கொண்டு அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்!

யார் இவர்? 'கோல்டன் ஐ' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பேனாவைச் சுழற்றிக்கொண்டே இருப்பாரே, அந்த கம்ப்யூட்டர் ஆசாமி. ஆனால் அடிப்படையில் மேடை நடிகர். 'காபரே' இசை நாடகத்துக்காக 1998-ல் டோனி விருது வாங்கியவர். நாஜிகள் தலையெடுக்கும் பெர்லினில், முகம் நிறைய மேக்கப்பும் வாய் நிறைய நக்கலுமாகக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற பாத்திரம். உள்ளே என்ன இருக்கிறது என்று லேசில் காட்டமாட்டான்.

காபரே என்றதும் பழைய சினிமாவின் ஜிகினா டான்ஸை நினைக்காதீர்கள். இது சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே, கையெட்டும் தூரத்தில் நின்று, கதை பேசிப் பேசிப் பாடுவது. நியூயார்க் கார்லைல் ஹோட்டலின் கஃபே கார்லைல் இதற்குப் பேர்போன இடம். பாபி ஷார்ட் என்கிற பாடகர் 1968 முதல் 35 வருஷத்துக்கு மேல் பியானோ வாசித்துப் பாடிய சின்ன அறை. அங்கே 2015-ல், தன் 50-வது வயதில் கம்மிங் பாடியதன் பதிவுதான் இந்த ஆல்பம்.

குரல்? பெரிய குரலெல்லாம் இல்லை. நடிகரின் குரல். 'தி க்ளைம்ப்' பாட்டைக் கேளுங்கள். 2009-ல் மைலி சைரஸ் டீன் ஏஜ் படம் ஒன்றுக்காகப் பாடியது. அம்பது வயசுக்காரர் அதைக் கிண்டலாகப் பாடியிருந்தால் சுலபமாகக் கைதட்டல் விழும். இவர் அப்படிச் செய்யவில்லை. தனக்கே நடந்த மாதிரி பாடுகிறார்.

குறையே இல்லையா? இருக்கிறது. அடேல், லேடி காகா, கேட்டி பெர்ரி மூவரின் ஹிட்டுகளையும் ஒரே மாலையாகக் கோத்திருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சுலபமாக வழுக்கிப் போகமுடிகிறது பாருங்கள் என்பது நல்ல ஜோக்தான். ஆனால் ஜோக் ஜெயிக்கும்போது பாட்டு தோற்கிறது. அந்தச் சில நிமிஷம் பழைய மேக்கப் ஆசாமி எட்டிப் பார்க்கிறான்.

'டின்னர் அட் எய்ட்' எல்லாவற்றுக்கும் ஈடு கட்டிவிடுகிறது. ரூஃபஸ் வெயின்ரைட் தன் அப்பாவோடு போட்ட சண்டையை வைத்து எழுதிய பாட்டு. கம்மிங் சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடிகளை 2014-ல் 'நாட் மை ஃபாதர்ஸ் சன்' என்று புத்தகமாகவே எழுதியவர். 2010-ல் அந்த அப்பா, 'நீ என் பிள்ளையே இல்லை' என்று சொல்லியனுப்பினார். டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். பிள்ளைதான்! அத்தனை அடிக்கும் ஒரு காரணமாவது கிடைத்தது என்று நினைத்தால், அதுவும் போச்சு. இதைச் சுமந்துகொண்டு நிற்கிறவர் அந்தப் பாட்டைப் பாடும்போது, சுருதி சுத்தமா என்றா பார்த்துக்கொண்டிருப்பீர்கள்?

நான் பி.காம். எதையும் வரவு, செலவு என்றே பார்த்துப் பழகினவன். அனுபவம் என்கிற முதலைப் போடாமல் கண்ணீரில் லாபம் பார்ப்பதுதான் 'ஓவர் சென்டிமென்ட்'. கம்மிங் முதல் போட்டிருக்கிறார். குற்றம் உருக்கத்தில் இல்லை சார், ஓசி உருக்கத்தில்தான்.

ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கினதும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கண் கலங்கினால், மறுநாள் 'தூசி விழுந்துடுச்சு' என்று சமாளிக்காதீர்கள். அழுதேன்னே சொல்லுங்க. என்ன குறைஞ்சிடும்?