தெரிவும் ஆக்கமும்: மார்லி மார்ள் பற்றிய ஒரு நோக்கு

வானொலியில் இசைத்தட்டுக்களைத் தெரிந்து அடுக்குபவரைக் கலைஞர் எனக் கொள்ள நமது விமர்சன மரபு தயங்கியே வந்துள்ளது. இலங்கை வானொலியின் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோருக்காக வெள்ளவத்தையிலும் களுபோவிலவிலும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோர், அவர்தம் குரல்வளத்தைப் போற்றினர்; பாடல்களைத் தெரிந்த செவியை ஆராய்ந்தோர் அரியர். தெரிவே ஆக்கமாக மாறிய ஒரு வரலாற்றை நியூயோர்க்கின் ஹிப்-ஹொப் இசையிற் காணலாம்.

குயீன்ஸ்பிரிட்ஜ் தொடர்மாடிக் குடியிருப்பைச் சேர்ந்த மார்லன் வில்லியம்ஸ் என்னும் மார்லி மார்ள், 1980களின் முற்பகுதியில் டபிள்யூ.பி.எல்.எஸ். வானொலியில் மிஸ்டர் மாஜிக் நடத்திய 'ரப் அற்றாக்' நிகழ்ச்சியில் இசைத்தட்டுக்களை இயக்கியவர். ஒரு தட்டின் தாளம் தளருமுன் மற்றொன்றை அதனுடன் பொருத்துவது அவர் தொழில். 1984இல், பதினான்கு வயதான றொக்சான் ஷான்ரேயின் 'றொக்சான்ஸ் றிவெஞ்ச்' பாடலைத் தமது வீட்டிலேயே பதிவு செய்தார்.

அவரது தனிப்பங்களிப்பு இதன்பின் வருவது. ஒலித்துண்டுகளைச் சேமித்து மீள ஒலிக்கும் 'சாம்பிளர்' கருவியில் பழைய தட்டொன்றின் வேறொரு பகுதியைப் பிரித்தெடுக்க முயன்றபோது, டிரம் அடியொன்று தற்செயலாகத் தனித்து அகப்பட்டதாக அவர் கூறியுள்ளார். தற்செயல் யாருக்கும் நேரலாம். அந்த ஓரடியை வேண்டிய இடத்தில் வைத்துப் புதிய தாளமொன்றைக் கட்டலாம் என உணர்ந்தது, ஆயிரம் தட்டுக்களைக் கேட்டுப் பழகிய வானொலிச் செவியே எனலாம். அதுவரை பலரும் நம்பியிருந்த தாளப்பொறியின் வரண்ட ஓசைக்குப் பதிலாக, மனிதக் கை அடித்த அடியின் கனமும் கரகரப்பும் ரப் இசைக்குக் கிட்டின.

எம்.சி. ஷானுக்காக அவர் ஆக்கிய 'த பிரிட்ஜ்' (1986) இதற்குச் சான்று. அதன் டிரம் அடிகள், ஹனி டிரிப்பர்ஸ் குழுவினர் நிக்சனின் பதவிநீக்கத்தைக் கோரி 1973இல் வெளியிட்ட 'இம்பீச் த பிரெசிடன்ற்' தட்டிலிருந்து பெறப்பட்டவை. அரசியற் பாடலின் அரசியல் கழன்றுபோக, அதன் அடி ஒரு குடியிருப்பின் பெருமையைத் தாங்குகிறது. இதனை வெறும் களவு என்பது மேலோட்டமான கூற்று. எனினும், அவ்வடியை முதலில் அடித்த கைக்கு உரியது யாது என்ற வினாவை மார்லி மார்ளின் இரசிகர்கள் எளிதிற் கடந்துவிடுகின்றனர். தெரிவு ஆக்கமாயின், எடுத்ததற்குத் தெரிபவரே பொறுப்பாளி.

விலக்கியதற்கும் அவ்வாறே. புகி டவுன் புரடக்சன்ஸ் குழுவின் தொடக்ககாலப் பதிவை மிஸ்டர் மாஜிக் புறக்கணித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அக்குழுவின் கே.ஆர்.எஸ்.-வன் 'சவுத் புறொங்ஸ்' (1986), 'த பிரிட்ஜ் இஸ் ஓவர்' (1987) ஆகியவற்றால் விடையிறுத்தார். ஷான் 1987இல் பாடிய மறுமொழியான 'கில் தற் நொய்ஸ்', பின்னதன் முன்னே மங்கியே ஒலிக்கிறது.