'தங்கலான்' காட்டும் கங்கம்மா: எளிய பெண்ணின் வாழ்வும் தங்கவயல் வரலாறும்

முன்னுரை

வரலாற்றைக் கருவாகக் கொள்ளும் படைப்புகளில் எளிய பெண்ணின் அன்றாட வாழ்வு பெறும் இடம் யாது என்பது திறனாய்வில் எழுப்பத்தக்க வினாவாகும். கோலார் தங்கவயலின் தோற்றத்தைக் களமாகக் கொண்டு, பா. இரஞ்சித் இயக்கத்தில் 2024 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்த 'தங்கலான்' திரைப்படத்தின் கங்கம்மா என்னும் பாத்திரத்தை இவ்வினாவின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் இரவிக்கையும்

கதை 1850இல் வட ஆர்க்காட்டு வேப்பூரில் தொடங்குகிறது. கங்கம்மா தன் கணவன் தங்கலானுடன் சொந்த நிலத்தில் பாடுபடுகிறாள். விளைந்த பயிர் தீக்கிரையாகிறது. வரி கட்ட வழியின்றி நிலம் ஜமீன்தார் வசமாகிறது. காலனிய நிலவரி முறை இப்பெண்ணிடம் பிள்ளைகளின் பசியாக வந்து சேர்கிறது.

தங்கம் தேடச் சென்ற கணவன், ஊராரையும் அழைத்துச் செல்லத் திரும்பும்போது பெண்களுக்கு இரவிக்கைகள் கொண்டுவருகிறான். அவற்றை அணிந்து அவர்கள் மகிழும் காட்சி படத்தின் சிறந்த பகுதியாகும். தென்திருவிதாங்கூரில் மேலாடை உரிமைக்காக நெடுங்காலம் போராட்டம் நடந்து, 1859இல் அரச அறிவிப்பு வெளியானது. இங்கோ அவ்வுரிமை கூலியுழைப்பின் வழியாக வருகிறது. மானம் காக்கும் அதே துணி, சுரங்கத்திற்கு அழைக்கும் தூண்டிலாகவும் அமைகிறது. வரலாற்றின் இவ்விரு முகங்களையும் ஓர் ஆடையில் காட்டியது படைப்பாளியின் வெற்றி எனலாம்.

தொன்மமும் வரலாறும்

தங்கம் தேடும் பகுதியில் கதையின் விசை, தங்கத்தைக் காக்கும் நாகர்குலப் பெண்ணான ஆரத்தியிடம் செல்கிறது. மண்ணின் மீதான தொல்குடி உரிமையை நினைவூட்ட இத்தொன்மம் பயன்படுகிறது என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும், ஆரத்தி பேருருக் கொள்ளுந்தோறும் கங்கம்மாவின் உழைப்பு பின்புலமாக ஒடுங்குகிறது.

வரலாற்றில் இலவெல் என்னும் அயர்லாந்து வீரர் தங்கத்தை நாடி இங்கு வந்தது 1871இல்; ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது 1880இல். அதன் பின்னரே வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள் பெருந்திரளாகக் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. 1956இல் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. கதையை ஒரு தலைமுறை முன்னே நிறுத்தியது படைப்புரிமையே. எனினும், அதனால் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த பெண் படத்திற்கு வெளியே நின்றுவிடுகிறாள். கல்தூள் படிந்த நுரையீரலோடு திரும்பிய கணவனைப் பேணியவளும், பாறை வெடிப்பில் அவனை இழந்தவளும் அவளே. சுரங்கம் மூடியபின் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறி வேலைக்குச் செல்பவர்களும் அவள் வழிவந்தோரே.

முடிவுரை

கங்கம்மா அப்பெண்ணின் பாட்டி. பேத்தியின் கதை இன்னும் எழுதப்பட வேண்டும். சுரங்கத்தின் ஆழமும் பொன்னின் எடையும் ஆவணங்களில் உள்ளன. பெண்களின் நினைவுகளோ முதியோரின் வாய்மொழியில் மட்டுமே உள்ளன. அவர்கள் உள்ள காலத்திலேயே அவற்றைத் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.