மணிக்கணக்குக் கிளாசும் விடிய விடியக் கூத்தும்

சென்னையில் 'பொண்ணு கிளாசுக்குப் போயிருக்கா' என்று ஒரு அம்மா சொன்னால் பள்ளிக்கூடத்தை யாரும் நினைப்பதில்லை. டியூஷன், இல்லாவிட்டால் பாட்டோ டான்ஸோ. மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர், அண்ணா நகர் என்று எந்தப் பேட்டையை எடுத்துக்கொண்டாலும் மாலை ஐந்து மணிக்குமேல் ஏதாவது ஒரு மாடியிலிருந்து தட்டுக்கழி மனைக்கட்டையில் விழுகிற சத்தம் கேட்கும். இந்தக் 'கிளாஸ்' ஏதோ ஆதிகாலம் தொட்டு இருந்துவருவதுபோல் நாம் பேசுகிறோம். நூறு வயதுகூட முழுதாக ஆகாத ஏற்பாடு அது.

1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. 1928இல் அது அமைப்பானது, 1931இல் பாட்டு வாத்தியார்களை உருவாக்க ஒரு கல்லூரியையும் தொடங்கியது. பரதநாட்டியத்தின் முன்வடிவமான, தேவதாசிகள் ஆடிவந்த சதிர் ஒழிய வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று ஊரே சண்டையிட்டுக்கொண்டிருந்த நாட்களில் ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இதற்கிடையில் தஞ்சைப் பக்கத்து நட்டுவனார்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்குக் குடிபெயர்ந்து வீடுகளிலும் சினிமாவிலும் சொல்லித்தரத் தொடங்கியிருந்தார்கள். கோயிலோடும் குடும்பத்தோடும் இருந்த கலை வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி, மாதத்துக்கு இவ்வளவு ஃபீஸ் என்று ஆனது இந்தப் பதினைந்து இருபது வருஷத்துக்குள்தான்.

லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த வீட்டுப் பெண்ணும் சலங்கை கட்டலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. ஆனால் அதே கையோடு, அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த வீட்டுப் பெண்களுக்கு மேடை இல்லாமல் போனது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல் சென்னைக் கிளாஸின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

கிளாஸ் எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு பிள்ளைகள், நாற்காலிகளை ஓரம் தள்ளிய ஒரு ஹால். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்திருக்கிறார்கள். டீச்சர் தட்டுக்கழியை எடுத்ததும் அரைமண்டி. முதல் காலம் எல்லோருக்கும் வருகிறது. இரண்டாம் காலத்தில் பின்வரிசை மெல்ல நிமிரத் தொடங்கும். மூன்றாம் காலத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் மட்டும் இன்னும் உட்கார்ந்த நிலையில் இருப்பார்கள், மற்ற முழங்கால்கள் எல்லாம் நேராகியிருக்கும். டீச்சர் கழியை நிறுத்தாமலே 'உக்காரு, உக்காரு' என்பார். வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமல் காத்திருக்கும் அப்பாக்கள். ஒரு மணி முடிந்ததும் அடுத்த பேட்ச் செருப்பைக் கழற்றும்.

இப்படி ஏழெட்டு வருஷம் போனால் சலங்கை பூஜை, பிறகு அரங்கேற்றம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்யாணம் நடக்கிறது: சபா வாடகை, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ஒவ்வொரு உருப்படிக்கும் மாற்றப் பட்டுடை, டெம்பிள் ஜுவல்லரி, மேக்கப்காரர், வீடியோ, பத்திரிகை, வந்தவர்களுக்குச் சாப்பாடு. அரங்கேற்றம் என்றால் மேடை வாழ்க்கையின் முதல் நாள் என்று பொருள். நடப்பில் பாதிப் பேருக்கு அதுவே கடைசி நாள். பிளஸ் டூ வந்துவிடும். சலங்கை அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். ஆட ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே? கிளாஸ் கலையைச் சொல்லித்தந்தது, ஆடுவதற்கான நாளைத் தரவில்லை. என் பார்வையில் சென்னைக் கிளாஸின் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொந்தரவுப் புகார்களோடு வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். குருவைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற பழக்கமும் கிளாஸோடு சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஃபீஸ் எவ்வளவு என்று விசாரிக்கிற பெற்றோர், புகார் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் விசாரிப்பது நல்லது.

இனி வடக்கே. மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே ஊத்துக்கோட்டைத் திசையில் இருக்கிறது தேர்வாய் கண்டிகை. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் இரண்டு வகையில் தெரியும். ஒன்று சிப்காட்: மேய்ச்சல் நிலமும் காடும் போகின்றன என்று ஊரார் எதிர்த்து நின்ற, மிஷ்லின் டயர் ஆலை வந்த தொழிற்பூங்கா. மற்றொன்று கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம்: இரண்டு ஏரிகளை இணைத்து, 380 கோடி ரூபாய் செலவில், அரை டி.எம்.சி. கொள்ளளவோடு 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. கிருஷ்ணா நீரைத் தேக்கி நகரத்துக்கு அனுப்புவது அதன் வேலை. நகரத்தின் குழாய் இங்கே வந்துவிட்டது, ஷிப்டு வந்துவிட்டது, கம்பெனி பஸ் வந்துவிட்டது. நகரத்தின் மாலை ஐந்து மணி மட்டும் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது. அப்பாவுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. பிள்ளையைக் கூட்டிப்போய், காத்திருந்து, கூட்டிவர யார் இருக்கிறார்கள்? ஸ்கூட்டரோடு வாசலில் நிற்கிற அப்பா இல்லையென்றால் சென்னை மாதிரிக் கிளாஸ் நடக்காது. ஃபீஸ் அதற்கு அப்புறம்தான்.

அதற்காக இந்தப் பக்கத்தைக் கலை இல்லாத பூமி என்று சொன்னால் அது நகரத்தின் அறியாமை. தொண்டை மண்டலம் தெருக்கூத்தின் மண். திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறினால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று உயர நட்ட மரத்தில் ஏறுவார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீட்டிப் படுத்திருப்பான். அன்று மாலையே தீமிதி. இங்கே பிள்ளைகள் கூத்தைக் 'கற்றுக்கொள்ள' போவதில்லை, முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, பாதியில் தூங்கி, கோமாளியான கட்டியங்காரன் கத்துகிற கத்தில் எழுந்து பார்த்துப் பார்த்து அடவு காலில் ஏறுகிறது.

கூத்துக்குள் போகிற பையனின் முதல் வேலை பெரும்பாலும் திரை பிடிப்பது. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கட்டைக் கிரீடத்தின் நுனியும் புஜக்கட்டையின் ஓரமும்தான் ஜனங்களுக்குத் தெரியும். முகவீணை உச்சத்துக்குப் போகும், மிருதங்கம் விரட்டும், திரை அப்போதும் விலகாது. எப்போது விலக்க வேண்டும் என்பது திரையின் முனையைப் பிடித்திருக்கிறவனுக்குக் காதில் தெரிய வேண்டும். ஒரு தாளம் முந்தினாலும் வேஷம் செத்துப்போகும். பின்பாட்டு, அப்புறம் பெட்டி தூக்குவது, அப்புறம் குட்டிக் கிருஷ்ணன் வேஷம். வாத்தியார் என்று அழைக்கப்படுகிறவர் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது அபூர்வம். இந்த முறையின் குறையும் தெரிந்ததுதான்: பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை, கூத்துக் காலம் வந்தால் பையனின் படிப்பு போய்விடும், ஜாதியும் பரம்பரையும் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும்.

பிள்ளைகளை ஒரே கூரையில் வைத்து நாடகம் சொல்லித்தந்த பழக்கம் நமக்குப் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யை சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகம் இன்னும் சொல்லி மகிழ்கிற செய்தி. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இதைப்போன்ற பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள். பாடவும் பேசவும் ஆடவும் அங்கே கற்றார்கள். அடியும் பசியும்கூட அங்கேதான்.

கூத்தையும் பள்ளிக்கூடத்தையும் அடியில்லாமல் சேர்த்துப் பார்த்த முயற்சி ஒன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் நடந்தது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம். காலையில் பாடப்புத்தகம், மற்ற நேரத்தில் கூத்து, பெண் பிள்ளைகளுக்கும் கட்டை வேஷம். 2020இல் குருகுலம் நின்றது. சென்னைக் கிளாஸ் இன்றுவரை யோசிக்காத ஒன்றை அது செய்து காட்டியது: கற்கிற பிள்ளைக்குப் பரீட்சை மேடைக்குப் பதில் ஊர்த் திருவிழா என்ற நிஜமான ராத்திரி கிடைத்தது. இதைப்போல இன்னொன்று வடக்கே, கும்மிடிப்பூண்டித் திசையில் முளைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

அரசு பக்கம் வருவோம். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என ஏழு படிப்புகள், மூன்று வருஷம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுகள்தான், ஆனால் ஊர்ப் பிள்ளை எளிதில் போய்வரும் தூரத்தில் இருப்பவை குறைவு. அப்படியானால் பள்ளிக்கூடம்தான் மிச்சம். கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கு என்று பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதை ஒட்டி 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்குமாகத் தமிழகத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பிறகு தொகை படிப்படியாக ஏறியது, 'பகுதிநேரம்' என்ற சொல் மட்டும் போகவில்லை. கூத்து வாத்தியார் இந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பிலும் வரமாட்டார்.

2022–23இல் தொடங்கிய பள்ளிக் கலைத்திருவிழா அதிசயமாக ஒரு வேலை செய்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் போட்டியில், மாலைக் கிளாசுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் பறையோடும் வில்லுப்பாட்டோடும் வந்து நின்றார்கள். அதற்கான ஒத்திகையோ இரண்டு மூன்று வாரம்தான். யூடியூபைப் பார்த்து ஒரு கணக்கு டீச்சர் சொல்லித்தரும் கரகாட்டத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன், அவர் இல்லாவிட்டால் அதுவும் இருக்காது. திருவிழா முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன என்பதுதான் கேள்வி.

கூத்தையும் நாடகத்தையும் பாடமாக்குவதில் இலங்கைத் தமிழர்கள் நம்மைவிட வெகுதூரம் போயிருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தது 1960களில். குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியது 1978இல். அங்கே 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம். பரீட்சைப் பாடமானதால் அதற்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்கு வேலை உண்டு. நம் மேல்நிலைப் பாடப்பிரிவுகளில் நாடகத்தைத் தேடினால் கிடைக்காது. கும்மிடிப்பூண்டியிலேயே பெரிய இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அக்கரையில் பாடமாக இருப்பது இக்கரையில் அந்த முகாம் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்குதான்.

நகரமும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு, கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் அடவு கற்றது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்னாடகக் கச்சேரியும் நாட்டார் கலையும் ஒரே விழாவில் சேர்ந்தன. பறைப் பயிற்சிக்கு ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். புரிசைக்கும் பெருங்கட்டூருக்கும் போன கண்கள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் மட்டும் ஏறவில்லை.

இரவு ஷிப்டு பஸ் ஊருக்குள் திரும்புகிற நேரம், விடிகாலை ஐந்தரை. கோயில் திடலில் துச்சாதனனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர், யூனிஃபார்மோடு, டிபன் பையோடு, கூட்டத்தின் ஓரத்தில் நின்று தன் பையனைத் தேடுகிறார். பாயில் இல்லை. முகவீணை எகிறுகிறது. திரையின் இடது முனையில், தூக்கக் கண்ணோடு, காதை மட்டும் மிருதங்கத்தின் பக்கம் வைத்து நிற்கிறான்.