நாதசுரம் சரி, தவில் எங்கே?

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி கையில் பிடித்த நாதசுரத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். இயர்போன்களுக்குள் இப்போது நுழைந்திருக்கும் சிலிக்கான் சில்லு ஸ்பீக்கரை எடைபோட நாதசுரமும் தவிலும் சேர்ந்த அந்த மேளக்கச்சேரியே நல்ல தராசு. சில்லு நாதசுரத்துக்கு நியாயம் செய்கிறது, தவிலிடம் தடுமாறுகிறது.

வழக்கமான இயர்போனில் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து சவ்வை அசைக்கும். சில்லில் இரண்டும் கிடையாது. மெல்லிய சிலிக்கான் தகட்டின்மேல் படலமாகப் படிந்திருக்கும் பீசோ பொருள், மின்னழுத்தம் பட்டால் சுருங்கி விரிந்து தகட்டை வளைக்கும். அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதே தத்துவம்தான், இங்கே தலைகீழாக.

தகடு இலேசானது, விறைப்பானது. அதனால் நாதசுரச் சீவாளியின் கூர்மையும் பிருகாக்களின் வேகமும் குழையாமல் வரும். ஒரே சிலிக்கான் தட்டில் மொத்தமாக உருவாவதால் இடது, வலது காதுக்கான சில்லுகள் பிசகாமல் ஒத்துப்போகும். சுருளும் பசையும் வைத்துச் செய்யும் ஸ்பீக்கரில் இந்த ஒற்றுமை எளிதில் கிடைக்காது.

குறை தொடங்குவது தாழ்சுரத்தில். தவிலின் தொப்பியில் குச்சி விழும்போது எழும் கும்மென்ற ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சில்லின் தகடோ மைக்ரோமீட்டர் கணக்கில்தான் அசையும். காதுத்துளை இறுக அடைபட்டிருந்தால் சமாளித்துவிடும். ரப்பர் முனை கொஞ்சம் விலகினாலும் தாழ்சுரம் கசிந்துபோகும். காற்றுப் புகாத சோதனைக் குழாயில் எடுத்த அளவீட்டை மட்டும் காட்டிப் பெருமைப்படுவது இத்துறையின் பலவீனம்.

இரைச்சலை அடக்குவதிலும் இதே குறைதான். மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தில் நிற்கும் பஸ்ஸை எண்ணிப்பாருங்கள். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால், அதன் உறுமலின் அடிப்படை 30 ஹெர்ட்ஸ். இரைச்சலை அடக்கும் இயர்போன் அதே தாழ்சுரத்தில் எதிர் அலையை உண்டாக்கியாக வேண்டும். சில்லு வேகமாகப் பதில் சொல்லும். ஆனால் அங்கே அதற்குத் தம் போதாது. போதாக்குறைக்கு, இயர்போன் பேட்டரி தருவது சுமார் 3.7 வோல்ட், சில்லு கேட்பது அதைப்போல் பல மடங்கு. அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் வைத்தால், சில்லு சிறிதாக இருந்து மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு பங்கு போய்விடும். பீசோ படலமாகப் பயன்படும் பி.இசட்.டி. என்ற பொருளில் ஈயம் வேறு இருக்கிறது.

2023இல் வந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் 'ஆர்வானா ஏஸ்' இதற்கு ஒரு வழி சொன்னது: எக்ஸ்மெம்ஸ் நிறுவனத்தின் சில்லோடு 10 மி.மீ. சுருள் ஸ்பீக்கரும் துணைக்கு. சிலர் இதைத் தோல்வியின் ஒப்புதல் என்பார்கள். எனக்கு இது நேர்மையான வடிவமைப்பாகவே படுகிறது. அதே ஆண்டு எக்ஸ்மெம்ஸ் அறிவித்த 'சைப்ரஸ்', மீயொலித் துடிப்புகளிலிருந்து தாழ்சுரத்தை உருவாக்கித் துணையே தேவையில்லை என்கிறது. அந்தத் துணிச்சலை வரவேற்கலாம். ஆனால் தீர்ப்பைச் சோதனைக் குழாயிடம் விடவேண்டாம். ஓடும் பஸ்ஸில், அரைகுறையாய்ப் பொருந்திய காதில், தவில் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம்.