பிளாஸ்டிக் சாலை: வெயிலுக்கு மருந்தா, குப்பைக்கு வழியா?

சித்திரை வெயிலில் காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். நம் சாலைகளில் பரவலாகப் பயன்படும் வி.ஜி.-30 ரகத் தாரின் இளகுநிலை குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆக, கோடை நண்பகலில் நம் சாலைகள் இளகிய நிலையில்தான் பாரம் சுமக்கின்றன. இந்தச் சிக்கலுக்குத் தமிழகத்தில் பிறந்து நாடெங்கும் பரவிய தீர்வு ஒன்று உண்டு: பிளாஸ்டிக் சாலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகழப்படும் இந்த முறையைக் குப்பை ஒழிப்புத் திட்டமாகப் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. சாலை போடும் முறையாக அது எந்த அளவுக்குத் தேறும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில், வெயில் சாலையை எப்படிக் கெடுக்கிறது? கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளலாம். பருப்புதான் ஜல்லி, பாகுதான் தார். மொத்த எடையில் தாரின் பங்கு ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வெயிலில் தார் இளகும்போது, ஜல்லிகள் ஒன்றோடொன்று இறுகக் கோத்திருந்தால் பாரத்தை அவை தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் நகரத் தொடங்கும். சிக்னல், பேருந்து நிறுத்தம், சுங்கச்சாவடி என்று வண்டிகள் ஊர்ந்தும் நின்றும் போகிற இடங்களில் சக்கரத்தடம் வாய்க்கால்போலப் பதிவது இதனால்தான். தாரின் அளவு கூடியிருந்தால் அது மேலே கசிந்து பளபளக்கும். மழை பெய்ததும் வழுக்கும். மூன்றாவது சேதம் மெதுவானது. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தாரை ஆண்டுக்காண்டு இறுக்கி, நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. விரிசல் விடுகிறது, ஐப்பசி மழை அதில் இறங்கி ஜல்லியிலிருந்து தாரை உரிக்கிறது, பள்ளம் விழுகிறது. மழைக்காலத்தில் நாம் திட்டித் தீர்க்கும் பள்ளம் பல சமயம் கோடையிலேயே தொடங்கிவிட்ட ஒன்று. சக்கரத்தடம், கசிவு, முதுமை ஆகிய இந்த மூன்றுக்கும் எதிரே நிறுத்தித்தான் எந்தப் பாதுகாப்பு முறையையும் எடைபோட வேண்டும்.

மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன் வகுத்த முறை எளிமையானது. ஜல்லியை 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். பைகளும் கோப்பைகளுமாக இருந்த அந்தப் பொடி ஒரு நிமிடத்துக்குள் உருகி, ஜல்லியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன் பிறகே சூடான தார் சேர்கிறது. தாரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் பிளாஸ்டிக் இருந்தால் போதும். 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இப்படிச் சாலை போடப்பட்டது. 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2013-ல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கென வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2018-ல் வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ விருது வந்தது.

இந்த முறையின் பலம் அதன் வேதியியலில் இருக்கிறது. கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் ஈர்ப்பு அதிகம். நீர் புகுந்தால் தாரைத் தள்ளிவிட்டு அது கல்லில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பூச்சு கல்லின் நுண்துளைகளை அடைத்து அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. தாரும் பிளாஸ்டிக்கும் ஹைட்ரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பூச்சின்மேல் தார் நன்றாகப் பிடிக்கிறது. தாரைவிட உயர்ந்த வெப்பத்தில் உருகும் பொருள் இடையில் இருப்பதால் கலவை வெயிலில் எளிதில் தளர்வதில்லை. கலவையின் வலிமையை அளக்கும் மார்ஷல் சோதனையில் மாதிரிகளை 60 டிகிரி நீரில் ஊறவைத்துத்தான் நசுக்குவார்கள். ஏறத்தாழ நம் கோடைச் சாலையின் வெப்பம் அது. அந்தச் சோதனையில் பிளாஸ்டிக் பூசிய ஜல்லிக் கலவை சாதாரணக் கலவையைவிடக் கூடுதல் பாரம் தாங்கியிருக்கிறது.

பொருளாதார பலமும் சிறியதல்ல. ரப்பர்த்தன்மை கொண்ட பாலிமர்களைச் சேர்த்துத் தயாரிக்கும் உயர்ரகத் தாருக்கு விலை அதிகம். இங்கே பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்; இருக்கிற கலவை ஆலையே போதும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் தார் செலவாகும் இடத்தில் ஒரு டன் பிளாஸ்டிக்கைச் சேர்த்து அந்த அளவு தாரை மிச்சப்படுத்தலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிளாஸ்டிக்கை நறுக்கிக் கொடுக்கும் வேலை தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் போனது. ஊராட்சிச் சாலை வரை எட்டக்கூடிய தொழில்நுட்பம் நம்மிடம் அதிகம் இல்லை. இது எட்டியது.

இனி குறைகள். முதலாவது, சான்றின் கனம். இந்த முறையைப் பேசும்போது திரும்பத் திரும்பக் காட்டப்படுபவை சென்னையிலும் மதுரையிலும் ஈரோட்டிலும் உள்ள சில தெருக்கள். அவை பல ஆண்டுகள் பள்ளமின்றி நின்றது உண்மையான சாதனைதான். ஆனால் அவை பெரும்பாலும் உள்தெருக்கள். மணல் லாரி வரிசைகட்டி நிற்கும் புறவழிச்சாலையின் சோதனையை அவை சந்திக்கவில்லை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுக் கட்டுரையும், முறையைக் கண்டுபிடித்த குழுவே எழுதியது. நேர்மையில் ஐயம் இல்லை. ஆனாலும் தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மார்ஷல் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. அது மாதிரியை ஒரே மூச்சில் நசுக்கிப் பார்க்கிறது. சக்கரத்தடமோ ஆயிரக்கணக்கான சக்கரங்கள் மெதுவாகத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் விழுவது. சூட்டில் வைத்துச் சக்கரத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் அதற்குச் சரியான அளவுகோல்.

இரண்டாவது, வெயிலின் மூன்றாவது சேதத்துக்கு இந்த முறையில் நேரடி விடை இல்லை. பூச்சு கல்லின்மேல் இருக்கிறது. காற்றும் வெயிலும் படுவது அதற்கு வெளியே உள்ள தாரில். தாரின் முதுமையைப் பெரிதும் தீர்மானிப்பவை தார்ப்படலத்தின் கனமும் கலவைக்குள் எஞ்சியிருக்கும் காற்றிடைவெளியும். தாரை மிச்சப்படுத்துவது இந்த முறையின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அளவு மீறி மிச்சப்படுத்தினால் படலம் மெலிந்து, சாலை சீக்கிரம் முதுமையடையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவிர, பை பிளாஸ்டிக் விறைப்பைக் கொடுக்குமே ஒழிய ரப்பர்போல மீண்டெழும் தன்மையைத் தராது. விறைப்பு வெயிலுக்கு நல்லது; அடித்தளம் பலவீனமாக இருந்து சாலை அசைந்துகொடுக்க நேரும் இடத்தில் அதே விறைப்பு விரிசலாக முடியலாம்.

மூன்றாவது, இந்த முறை கேட்கும் கட்டுப்பாடு. ஜல்லியின் சூடு குறைந்தால் பிளாஸ்டிக் உருகாமல் துணுக்குகளாகவே தங்கிவிடும். கூடினால் சிதைந்து புகையாகும். பி.வி.சி. கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் வெளிவரும். நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் என்று முளைக்கும் ஃபிளெக்ஸ் பேனர்கள் பி.வி.சி.யால் ஆனவை. குப்பையைப் பிரித்து வாங்காத ஊரில், நறுக்கும் இயந்திரத்துக்குள் என்ன போகிறது என்று யார் பார்ப்பது? ஆலையில் ஜல்லியின் முன்னால் நின்று வேலை செய்யும் தொழிலாளிதான் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர். நெறிமுறை ஏட்டில் இருக்கிறது. அது கான்ட்ராக்டரின் ஆலைவரை போய்ச்சேர்ந்ததா என்பதே சிக்கல்.

நான்காவது குறை தொழில்நுட்பத்தில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது. 2015-ல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் சாலைகளைப் புதுப்பிக்கும்போது பிளாஸ்டிக் கழிவைப் பயன்படுத்த வேண்டும் என்றது. இந்த எல்லைக்கோடு வெயிலைப் பார்த்தோ லாரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தோ வரையப்பட்டதல்ல. குப்பை எங்கே சேர்கிறது என்று பார்த்து வரையப்பட்டது. அப்படி வரையும்போது வெற்றியின் அளவுகோலும் மாறிவிடுகிறது. எத்தனை டன் பிளாஸ்டிக் தீர்ந்தது என்று கணக்குக் காட்டுகிறோம். சாலை எத்தனை கோடை தாங்கியது என்ற கணக்கு பின்னுக்குப் போகிறது. 2019 ஜனவரி முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. பைகளும் கோப்பைகளும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஒரு கையால் தடை, மறு கையால் அதற்கே தேவையை உருவாக்குவது என்ற முரண்பாட்டுக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

சாலை ஆயுள் முடியும்போதும் கேள்வி எழுகிறது. தார்ச்சாலையின் பெரிய நற்குணம், சுரண்டி எடுத்த கலவையை மறுபடி சூடாக்கிப் பயன்படுத்த முடிவது. பிளாஸ்டிக் கலந்த கலவைக்கும் அது பொருந்த வேண்டுமென்றால் மறுசூட்டின்போது வெப்பக் கட்டுப்பாடு இன்னும் கறாராக இருக்க வேண்டும். சுரண்டியதை ஏரிக்கரையில் கொட்டினால், சாலையில் பூட்டிவைத்த பிளாஸ்டிக்கைத் துகளாக்கி நீர்நிலைக்கே திருப்பிக் கொடுத்ததாகிவிடும்.

பிளாஸ்டிக்கால் தீராதவற்றையும் பட்டியலிட்டாக வேண்டும். 1958-60-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த புகழ்பெற்ற சாலைச் சோதனை, ஓர் அச்சின் பாரம் கூடும்போது சாலைச்சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்று காட்டியது. 2018-ல் இந்தியாவில், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான அனுமதிப் பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பாரம் கூடியது எட்டில் ஒரு பங்குதான். நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் ஒன்றரை மடங்குக்கு மேல். அதிகப் பாரம் ஏற்றும் லாரிகளைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். ரோலர் ஓட்டவேண்டிய நேரத்தில் ஓட்டாமல் கலவை ஆறிப்போனால், காற்றிடைவெளி அப்படியே தங்கிவிடும். விறைப்பான பிளாஸ்டிக் கலவை இந்தத் தாமதத்தை மன்னிக்காது. வடிகால் இல்லாத தெருவில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீருக்கு எந்தப் பூச்சும் ஈடல்ல.

ஆகவே தீர்ப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். ஊராட்சிச் சாலை, குடியிருப்புத் தெரு போன்ற இலகுவான போக்குவரத்து உள்ள இடங்களில், பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கும் வெப்பமானியும் இருந்தால், இது விலைக்கு மேல் பயன் தரும் முறை. கனரக வண்டிகள் ஊரும் நெடுஞ்சாலைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இதையே நம்பியிருப்பது தவறு. அங்கே தேவை 60 டிகிரியிலும் கூடுதல் தடிப்புள்ள வி.ஜி.-40 ரகமோ, மீள்தன்மை கொண்ட பாலிமர் தாரோ, சில இடங்களில் கான்கிரீட்டோதான். எதுவானாலும் ஜல்லியின் அடுக்கு சரியாக இருக்க வேண்டும். கொள்கையிலும் ஒரு மாற்றம் வேண்டும். பிளாஸ்டிக் சாலையும் சாதாரணச் சாலையும் ஒரே ஊரில், ஒரே அடித்தளத்தில், ஒரே போக்குவரத்தில் பக்கத்துப் பக்கத்தில் போடப்பட்டு, கண்டுபிடித்தவரும் கான்ட்ராக்டரும் அல்லாத மூன்றாமவர் ஒவ்வொரு கோடையின் முடிவிலும் சக்கரத்தடத்தின் ஆழத்தை அளந்து வெளியிட வேண்டும். மதுரையில் பிறந்த ஒரு நல்ல யோசனைக்கு இருபது ஆண்டுகளாகப் பாராட்டு கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போனது முறையான தேர்வு. அதை நடத்தும் செலவு, ஒரு நகரம் ஆண்டுதோறும் ஒட்டுப்போடச் செலவழிப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.