டி ஹேமின் மேசையில் மத்தீஸ்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் யான் டேவிட்ஸ் டி ஹேம் 1640-இல் வரைந்த பெரிய ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள் ஓவியம்) ஒன்று இருக்கிறது. விருந்து முடிந்த மேசை. பழங்கள், கோப்பைகள், லூட் என்னும் தந்தி வாத்தியம், கசங்கிக் கிடக்கும் வெள்ளை விரிப்பு. 1893-இல் இளம் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் இதை ஏறக்குறைய பாதி அளவில் நகலெடுத்தார். மாணவர்களை லூவ்ருக்கு அனுப்பி, பழைய மேதைகளை நகலெடுக்கச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் குஸ்தாவ் மொரோ.

நகல்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு கண்ணாடிக் கோப்பையை மட்டும் நகலெடுத்துப் பார்க்கட்டும். கண்ணாடிக்கென்று தனி வண்ணம் கிடையாது. பின்னால் இருக்கும் சுவரையும் மேசையையும் முதலில் தீட்ட வேண்டும். அதன்மேல் விளிம்பு, ஓரத்தில் சற்றே இருள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஜன்னல் வெளிச்சமாக இரண்டு வெள்ளைப் பொட்டுகள். கற்றுக்குட்டியின் கை அந்தப் பொட்டுக்குத்தான் முதலில் போகும்! ரசிகன் பார்ப்பது முடிந்த படத்தை. நகலெடுப்பவன் தேடுவது எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை. பழுப்பு அடிப்பூச்சில் ஒளியும் நிழலும், காய்ந்தபின் வண்ணம், அதற்கும் மேலே அடிவண்ணம் ஊடுருவித் தெரியும் மெல்லிய பூச்சு. எண்ணெய் குறைந்தது கீழே, மிகுந்தது மேலே. மாற்றிப் பூசினால் மேற்பூச்சு நாளடைவில் வெடிக்கும். டச்சு ஓவியங்களில் அடிக்கடி வரும் பாதி உரித்த எலுமிச்சையிலும் இதே கணக்குதான்: தோலின் சொரசொரப்புக்குத் தடித்த மஞ்சள், சுளையின் ஈரத்துக்கு மெல்லிய பூச்சு.

லூவ்ரில் மத்தீஸ் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனையும் நகலெடுத்தார். என்னைக் கேட்டால் டி ஹேமைவிட ஷார்தேன்தான் கடினம். டி ஹேமிடம் பொறுமை இருந்தால் போதும், படிப்படியாகப் பின்தொடரலாம். ஷார்தேனின் பழத்தை நெருங்கினால் வெறும் வண்ணத் திட்டுகள். நாலடி தள்ளி நின்றால் மறுபடி பழம். எந்தத் திட்டு அதைப் பழமாக்கியது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

1915-இல் மத்தீஸ் தம் பழைய நகலை எடுத்து வைத்துக்கொண்டு அதே மேசையை மீண்டும் வரைந்தார். இம்முறை கித்தான் டி ஹேமுடையதையும்விடப் பெரியது. கியூபிசம் என்னும் ஓவியப் பாணியின் கோடுகள் விரிப்பையும் பழங்களையும் கோணங்களாக வெட்டிப் போட்டிருக்கின்றன. லூட் மட்டும் பிடிவாதமாகத் தன்னை அடையாளம் காட்டுகிறது. எதை விட்டால் மேசை குலையும், எதை விட்டாலும் குலையாது என்பது 22 ஆண்டுகளுக்கு முன் அங்குலம் அங்குலமாக நகலெடுத்த கைக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அந்த 1915 ஓவியம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லூவ்ரில் இன்றும் அனுமதி பெற்று நகலெடுக்கலாம். மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது, மேதையின் கையெழுத்தைப் போடக் கூடாது என்பவை அங்குள்ள விதிகள். வீட்டில் நல்ல அச்சுப் படத்தை வைத்து முயல்பவர்களுக்கும் அவை பொருந்தும். ஆனால் டி ஹேமின் முழு மேசையில் கைவைக்காதீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள்.